ரேடியேட்டர் விசிறி சுற்றவில்லையா? ரிலே ஒயரிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணாச்சி, வண்டி வண்ணார்பேட்டை சிக்னல்ல நின்னா முள்ளு மேல ஏறுது, விசிறி சுத்தல, ரிலேய மாத்தியாச்சு, அப்படியும் சுத்தல." நான் கடை வைத்திருப்பவன் அல்ல. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் நின்ற அம்பாசடரில் பெல்ட் விசிறியைக் கழற்றிவிட்டு மின்விசிறி போட்டு, அந்த ஒயரிங்கை மூன்று முறை பிரித்துக் கட்டி, அதில் கற்றுக்கொண்டதை வைத்துச் சொந்தக்காரர் வண்டி, தெருக்காரர் வண்டி என்று பார்க்கத் தொடங்கியவன். திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். இது பெட்ரோல், டீசல் கார்களின் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் 12 வோல்ட் மின்விசிறியைப் பற்றியது. பேட்டரியில் ஓடும் மின்சார கார்களைப் பற்றியது அல்ல, அவற்றில் உயர் வோல்ட்டேஜ் ஒயர்கள் இருக்கும், வீட்டில் யாரும் கை வைக்கக் கூடாது.

விசிறிக்கு ரிலே எதற்கு? சுவிட்சிலிருந்து நேராக ஒயர் இழுத்தால் போதாதா?

போதாது. ஒரு சாதாரண கார் விசிறி ஓடும்போது 10 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும், கிளம்புகிற அந்த ஒரு நொடியில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. இவ்வளவு கரண்டை டேஷ்போர்டில் இருக்கும் சின்ன சுவிட்சோ, ரேடியேட்டரில் திருகியிருக்கும் தெர்மோ சுவிட்சோ (தண்ணீர் சூடானதும் தானாகச் சேரும் சுவிட்ச்) நாள்பட தாங்காது. ரிலேயின் காயிலுக்கு வேண்டியது சுமார் 0.15 ஆம்பியர்தான். இந்தச் சின்ன கரண்டை சுவிட்ச் கொடுக்கும், காயில் காந்தமாகி உள்ளே இருக்கும் காண்டாக்டை இழுத்துச் சேர்க்கும், பெரிய கரண்டை அந்தக் காண்டாக்ட் கடத்தும்.

இதை மனதில் இரண்டு தனி வாய்க்காலாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். சின்ன வாய்க்கால்: சாவி, காயில், தெர்மோ சுவிட்ச், எர்த் (பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த வண்டியின் பாடி). பெரிய வாய்க்கால்: பேட்டரி, பியூஸ், காண்டாக்ட், மோட்டார், எர்த். கோளாறு எந்த வாய்க்காலில் என்று முதலில் முடிவு செய்தால் பாதி வேலை முடிந்தது. அதைச் செய்யாமல் ரிலேயை மாற்று, அப்புறம் சுவிட்சை மாற்று, அப்புறம் மோட்டாரை மாற்று என்று போகிறவர்கள்தான் காசை இழக்கிறார்கள். நான் பார்த்த வண்டிகளில் ரிலேயே கெட்டுப்போயிருந்தது குறைவு, ஒயரும் லக்கும் (ஒயர் நுனியில் அடிக்கும் உலோக முனை) எர்த்தும்தான் அதிகம்.

ரிலேயின் கால்களில் 30, 85, 86, 87 என்று எழுதியிருக்கிறதே, அது என்ன கணக்கு?

ஜெர்மனியின் டின் 72552 என்ற தர அளவில் வந்த எண்கள், உலகம் முழுக்க அதையே பயன்படுத்துகிறார்கள். 30 பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக வரும் தடித்த ஒயர். 87 விசிறிக்குப் போகும் ஒயர். 85, 86 இரண்டும் காயிலின் இரு முனைகள். ஐந்து கால் ரிலேயில் நடுவில் 87ஏ என்று ஒன்று இருக்கும், ரிலே ஓய்வில் இருக்கும்போது 30 அதோடு சேர்ந்திருக்கும், காயில் இழுத்ததும் 87-க்குத் தாவும். விசிறிக்கு 87ஏ தேவையில்லை. அதில் எதையும் கோக்காதீர்கள்.

காயிலுக்கு முன்பின் கிடையாது, எப்படி வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பார்கள். சாதாரண ரிலேக்கு அது சரிதான். ஆனால் உள்ளே டையோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) வைத்த ரிலேயும் உண்டு, அதில் 86-க்கு பாசிட்டிவ், 85-க்கு எர்த் என்றுதான் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் டையோடு நேரே ஷார்ட் ஆகிவிடும். ரிலேயின் பக்கவாட்டில் ஒரு சின்னப் படம் அச்சிட்டிருக்கும், அதில் முக்கோணமும் கோடும் தெரிந்தால் டையோடு இருக்கிறது என்று அர்த்தம். எந்த ரிலே என்று பார்க்கச் சோம்பல் பட்டால்கூட, எப்போதும் 86-க்கு பாசிட்டிவ் என்றே பழகிவிடுங்கள்.

விசிறி சுற்றவே இல்லை. எங்கே தொடங்குவது?

ரிலேயைக் கழற்றிவிட்டு அதன் சாக்கெட்டில் தொடங்குங்கள். பேட்டரியிலிருந்து வருவது, சாவியிலிருந்து வருவது, மோட்டாருக்குப் போவது, தெர்மோ சுவிட்சுக்குப் போவது என நான்கு ஒயரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிற இடம் அதுதான், அதனால் வண்டிக்கு அடியில் படுக்காமல் நின்றபடியே எல்லாவற்றையும் சோதித்துவிடலாம். தொடங்கும் முன் ஒன்று: பல கார்களில் சாவி எடுத்த பிறகும் விசிறி தானாகக் கிளம்பும், அதனால் இறக்கைக்குப் பக்கத்தில் கை, துண்டு, வேட்டி நுனி எதுவும் போகக் கூடாது. என்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியையும் தொடக் கூடாது.

ஒரு டெஸ்ட் லேம்ப் (ஒரு பக்கம் கிளிப், மறுபக்கம் கூர்முனை, நடுவில் பல்பு) எடுத்து அதன் கிளிப்பை பேட்டரியின் நெகட்டிவில் மாட்டுங்கள். சாக்கெட்டின் 30-இல் முனையை வைத்தால் சாவி இல்லாமலே எரிய வேண்டும். எரியவில்லையென்றால் பியூஸ், அல்லது பேட்டரியிலிருந்து வரும் ஒயர். அடுத்து சாவியைப் போட்டு 86-இல் வையுங்கள், எரிய வேண்டும். மூன்றாவது, பியூஸ் வைத்த ஒரு தடித்த ஒயர்த் துண்டால் 30-ஐயும் 87-ஐயும் இணையுங்கள். விசிறி முழு வேகத்தில் சுற்றினால் பெரிய வாய்க்கால் மொத்தமும், மோட்டார், எர்த் உட்பட, நன்றாக இருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். சுற்றவில்லையென்றால் ரிலேயை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை, மோட்டார் பக்கம் போங்கள். நான்காவது, டெஸ்ட் லேம்பின் கிளிப்பை இப்போது பாசிட்டிவுக்கு மாற்றி முனையை 85-இல் வைத்து, வேறொருவரை விட்டு தெர்மோ சுவிட்சின் இரண்டு ஒயர்களையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். லேம்ப் எரிந்தால் 85 ஒயர் சரி, சுவிட்ச்தான் சந்தேகம். எரியவில்லையென்றால் சுவிட்சுக்கும் ரிலேக்கும் நடுவில், அல்லது சுவிட்சின் எர்த்தில் அறுந்திருக்கிறது.

நான்கும் சரியாக இருந்து, தெர்மோ சுவிட்சும் வேலை செய்து, அப்படியும் விசிறி சுற்றவில்லையென்றால் மட்டும் ரிலேயைச் சந்தேகப்படுங்கள். 85-க்கும் 86-க்கும் நடுவில் மல்டிமீட்டரில் ஓம் அளந்தால் 70 முதல் 100 வரை காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது.

(நான்காவது சோதனை தெர்மோ சுவிட்ச் உள்ள பழைய வண்டிகளுக்கும், நாமே விசிறி போட்ட வண்டிகளுக்கும் மட்டும். இசியூ (என்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) இருக்கும் கார்களுக்குக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.)

ரிலே 'டிக்' என்று சத்தம் போடுகிறது, ஆனால் விசிறி சுற்றவில்லை. அப்படியென்றால் ரிலே நல்லதுதானே?

சத்தம் சொல்வது ஒன்றுதான், காயில் இழுக்கிறது. அதாவது சின்ன வாய்க்கால் சரி. காண்டாக்ட் கரிந்து போயிருந்தாலும் சத்தம் அதே சத்தம்தான் வரும். மேலே சொன்ன மூன்றாவது சோதனையைச் செய்யுங்கள். 30-ஐயும் 87-ஐயும் இணைத்தால் சுற்றுகிறது, ரிலே போட்டால் சுற்றவில்லை என்றால் காண்டாக்ட் போய்விட்டது, ரிலேயை மாற்றலாம். ஆனால் மாற்றும் முன் சாக்கெட்டின் 30, 87 ஓட்டைகளைக் குனிந்து பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால் அந்தப் பெண் டெர்மினல் தளர்ந்து சூடாகியிருக்கிறது, புது ரிலேயும் சில மாதங்களில் அதே கதிக்குப் போகும். சாக்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

டிக் என்று ஒரு முறை இல்லை, டர்ர்ர் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது.

காயிலுக்கு வரும் வோல்ட்டேஜ் போதவில்லை. 12 வோல்ட் ரிலே இழுக்க சுமார் 8 வோல்ட்டாவது வேண்டும். பெரும்பாலும் என்ன செய்திருப்பார்கள் என்றால், விசிறிக்கான மெயின் ஒயரிலிருந்தே காயிலுக்கும் ஒரு கிளை எடுத்திருப்பார்கள், அந்த மெயின் ஒயர் மெலிதாகவோ லூசாகவோ இருக்கும். ரிலே இழுத்ததும் மோட்டார் கரண்டைக் குடிக்கும், ஒயரில் வோல்ட்டேஜ் சரியும், காயில் விட்டுவிடும், விட்டதும் வோல்ட்டேஜ் ஏறும், திரும்ப இழுக்கும். நொடிக்குப் பல முறை இப்படி நடந்தால் காண்டாக்ட் தீப்பொறியில் வெந்துவிடும். உடனே நிறுத்திவிட்டு ஒயரைப் பாருங்கள்.

மீட்டரில் 12 வோல்ட் சரியாகக் காட்டுகிறது, ஆனால் விசிறி மெதுவாகத்தான் சுற்றுகிறது. மோட்டார் போய்விட்டதா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் நேரம் செலவழிக்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நல்ல மோட்டார்கள் எல்லாம் குப்பைக்குப் போகின்றன.

விசிறியின் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஒயரில் மீட்டரை வைத்தால் 12 காட்டத்தான் செய்யும். ஒயருக்குள் இருபது இழைகளில் பத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் மிச்சமிருந்தாலும் 12 காட்டும், ஏனென்றால் மீட்டர் கரண்டே இழுப்பதில்லை. குழாயைத் திறக்காமல் பிரஷரை மட்டும் பார்ப்பது மாதிரி அது. தண்ணீர் ஓடும்போது பார்த்தால்தான் அடைப்பு தெரியும். ஆகவே பிளக்கை மாட்டி, விசிறியை ஓடவிட்டு, ஓடும்போதே அளக்க வேண்டும்.

செய்முறை இதுதான். என்ஜின் ஓடட்டும், விசிறி ஓடட்டும். மீட்டரின் சிவப்பு முனையை பேட்டரி பாசிட்டிவ் கம்பத்தின் மேலேயே, கிளாம்ப் மேல் அல்ல, வையுங்கள். கறுப்பு முனையை விசிறி பிளக்கின் பாசிட்டிவ் ஒயரில் பின்பக்கமாகக் குத்துங்கள். மீட்டர் காட்டுவது அந்த வழி முழுக்க எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்பது. 0.5-க்குள் இருந்தால் நல்லது. அதே மாதிரி விசிறியின் எர்த் ஒயரிலிருந்து பேட்டரி நெகட்டிவ் கம்பத்துக்கு அளங்கள், அதுவும் 0.5-க்குள்.

சென்ற வருடம் அத்தானின் வண்டியில் அளந்தபோது பாசிட்டிவ் பக்கம் 0.3, எர்த் பக்கம் 2.6. பேட்டரியில் 13.8 இருந்தும் மோட்டாருக்குக் கிடைத்தது 10.9 தான். ஒரு கடையில் அவரிடம் மோட்டாரை மாற்ற வேண்டும் என்று விலைகூடச் சொல்லியிருந்தார்கள். எர்த் போல்ட்டைக் கழற்றி, கீழே பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, புது லக் அடித்து இறுக்கினோம். அரை மணி நேர வேலை. அதே பழைய மோட்டார் இன்றும் ஓடுகிறது.

அளந்ததில் அதிகம் தொலைகிறது என்று தெரிந்தால், வழியைத் துண்டு துண்டாகப் பிரித்து அளந்துகொண்டே வாருங்கள்: பேட்டரியிலிருந்து பியூஸ் வரை, பியூசின் இரு பக்கம், ரிலேயின் 30-லிருந்து 87 வரை, 87-லிருந்து மோட்டார் வரை. ஒரு இணைப்பில் 0.2-க்கு மேல் தொலைந்தால் அந்த இணைப்பைப் பிரித்துச் செய்யுங்கள். தொட்டுப் பார்த்தாலும் தெரியும், அந்த இடம் சுடும்.

எர்த் ஏன் இவ்வளவு சீக்கிரம் கெடுகிறது?

நம்ம ஊர்ப் பக்கம் அதற்குக் காரணங்கள் உண்டு. உவரி, இடிந்தகரை, கூடங்குளம் என்று கடலோரம் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்று செம்பில் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும், ஒயரின் மேல்தோல் நன்றாக இருக்கும், உள்ளே லக் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்துப் பொடியாகியிருக்கும். அதை வெட்டி எறிந்துவிட்டுப் பளபளவென்று செம்பு தெரியும் இடத்தில் புது லக் அடிக்க வேண்டும்.

இன்னொன்று, 2023 டிசம்பர் வெள்ளம். 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஏறி ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றதே, நெல்லையிலும் தூத்துக்குடியிலும் எத்தனையோ கார்கள் மூழ்கின. கழுவித் துடைத்து ஓடவைத்த வண்டிகளில் பியூஸ் பாக்ஸின் அடிப்பக்கம் வண்டல் அப்படியே காய்ந்து உட்கார்ந்திருக்கும். செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்கள் ரிலே ஒன்றைப் பிடுங்கி அதன் கால்களைப் பாருங்கள். மண் கோடு, பச்சை, துரு ஏதாவது தெரிந்தால் விலை பேசும் முன் யோசியுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களென்றால், விசிறிக்கு மட்டுமாவது பழைய பாக்ஸை நம்பாமல் தனி ரிலே, தனி பியூஸ், பேட்டரி நெகட்டிவுக்கே நேராக ஒரு எர்த் ஒயர் என்று போட்டுவிடுங்கள்.

சாவி எடுத்த பிறகும் விசிறி சுற்றிக்கொண்டே இருக்கிறது, காலையில் பேட்டரி டவுன்.

ஐந்து பத்து நிமிடம் சுற்றிவிட்டு நின்றால் அது பல வண்டிகளில் இயல்பு. நிற்கவே இல்லையென்றால் ரிலேயைப் பிடுங்குங்கள். பிடுங்கியும் சுற்றினால் 87-க்கும் மோட்டாருக்கும் நடுவில் எங்கோ ஒரு ஒயர் பேட்டரி ஒயரோடு உரசி ஒட்டியிருக்கிறது. பிடுங்கியதும் நின்றால், ரிலேயைக் கையில் வைத்துக்கொண்டு 30-க்கும் 87-க்கும் நடுவில் மீட்டரில் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காண்டாக்ட் வெல்டாகி ஒட்டிவிட்டது. தட்டினால் விட்டுவிடும், ஆனால் அடுத்த முறையும் ஒட்டும், மாற்றித்தான் ஆக வேண்டும். ஏன் ஒட்டியது என்றும் பாருங்கள், மோட்டாரின் புஷ் (ஷாப்டைத் தாங்கும் வளையம்) வறண்டு இறுகி அதிகக் கரண்டு இழுக்கும் வண்டிகளில் ரிலே மாறிமாறி ஒட்டும். ரிலே நல்லதாக இருந்து, காயிலுக்குச் சாவி வழியாக அல்லாமல் பேட்டரியிலிருந்தே கரண்டு வரும் வண்டியென்றால், தெர்மோ சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது 85 ஒயர் எங்கோ பாடியில் உரசித் தானே எர்த் ஆகிறது.

குளிர்ந்த என்ஜினில் சுற்றுகிறது, சூடானால் நின்றுவிடுகிறது. தலைகீழாக இருக்கிறதே?

விசிறி ஒயரை 87ஏ-இல் கோத்திருக்கிறார்கள். 87-க்கு மாற்றுங்கள்.

புது ரிலே போட்டேன். வண்டி நன்றாக ஓடுகிறது, சூடானதும் இக்னிஷன் பியூஸ் போய் என்ஜினே நின்றுவிடுகிறது.

இது ஆளைச் சுற்றவிடும் கோளாறு. ஒரே அளவில், ஒரே வடிவில் இரண்டு வகை ரிலே கடையில் கிடைக்கிறது, இரண்டுக்கும் எண்கள் ஒன்று, ஆனால் 30-உம் 86-உம் இருக்கும் இடம் மாறியிருக்கும். சாக்கெட்டில் ஜம்மென்று உட்காரும். உட்கார்ந்ததும் பேட்டரி ஒயர் காயிலுக்கும், சாவியிலிருந்து வரும் மெல்லிய ஒயர் காண்டாக்டுக்கும் போய்விடும். தெர்மோ சுவிட்ச் சேரும் வரை எதுவும் தெரியாது. சேர்ந்ததும் விசிறியின் மொத்தக் கரண்டும் இக்னிஷன் ஒயர் வழியாகப் பாயும், பியூஸ் போகும். ஐந்து கால் ரிலேயிலும் இப்படித்தான், நடுக்கால் சிலவற்றில் 87ஏ, சிலவற்றில் இன்னொரு 87. கடைக்குப் போகும்போது பழைய ரிலேயைக் கையோடு கொண்டுபோய், கால் கால் ஆக எண் ஒத்துப் பார்த்து வாங்குங்கள்.

20 ஆம்பியர் பியூஸ் அடிக்கடி போகிறது. 40 போட்டுவிடலாமா?

வேண்டாம். பியூஸ் மோட்டாரைக் காப்பாற்ற வைத்தது அல்ல, ஒயரைக் காப்பாற்ற வைத்தது. ஒயர் தாங்காத பியூஸ் போட்டால் ஒயரே பியூஸாகி எரியும், அது பெட்ரோல் ஹோஸுக்குப் பக்கத்தில் போகும் ஒயர் என்பதை நினைவில் வையுங்கள்.

சாவி போட்டவுடன் போகிறதா, விசிறி கிளம்பும்போது போகிறதா, அரை மணி ஓடிய பிறகு போகிறதா என்று கவனியுங்கள். விசிறிக்கு வேலையே வராத நேரத்தில் போனால் ஒயர் ஷார்ட். கிளம்பும்போது போனால் மோட்டார் இறுகியிருக்கிறது, பிளக்கைக் கழற்றிக் கையால் சுற்றிப் பாருங்கள், லேசாகச் சுற்றி மெல்ல நிற்க வேண்டும். பிசான அறுவடை நேரத்தில் அம்பை, சேரன்மகாதேவி ரோட்டில் போய்வந்த வண்டிகளில் வைக்கோல் துரும்பு ஷாப்டில் கயிறு மாதிரி சுற்றிக்கிடந்ததை நானே எடுத்திருக்கிறேன். ரொம்ப நேரம் ஓடிய பிறகு போனால் பியூஸ் ஹோல்டர் லூஸ், அந்தச் சூட்டிலேயே பியூஸ் உருகுகிறது.

ஒயர் எவ்வளவு தடிமன் வேண்டும்?

20 ஆம்பியர் விசிறிக்கு நான் 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) போடுவேன். கணக்கைப் பாருங்கள்: மூன்று மீட்டர் நீளமுள்ள 1 ஸ்கொயர் செம்பு ஒயரில் 20 ஆம்பியர் ஓடினால் சுமார் 1 வோல்ட் அங்கேயே தொலையும், அதே நீளம் 4 ஸ்கொயரில் கால் வோல்ட்தான். காயில் பக்கத்துக்கு 0.75 அல்லது 1 ஸ்கொயர் தாராளம். இழை அதிகமுள்ள ஆட்டோ ஒயராக வாங்குங்கள், வீட்டுச் சுவரில் ஓடும் ஒயர் அதிர்வுக்கும் சூட்டுக்கும் செய்தது அல்ல.

எங்கள் அம்பாசடருக்கு முதல் முறை ஒரு கடையில்தான் வேலை கொடுத்தேன். 1 ஸ்கொயர் வீட்டு ஒயர், முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட், பியூஸ் எங்குமே இல்லை. நாங்குநேரி தாண்டி டீக்கு நிறுத்தியபோது பானட்டிலிருந்து புகை. என் அப்பா உள்ளே உட்கார்ந்திருந்தார். பேட்டரி கிளாம்பைப் பிடுங்கியதால் தப்பித்தோம். அன்றிலிருந்து பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இல்லாமல் நான் எந்த ஒயரும் இழுப்பதில்லை.

எலக்ட்ரீஷியன் 'டைரக்ட்' கொடுத்துவிட்டார், சாவி போட்டாலே விசிறி சுற்றுகிறது. அப்படியே விடலாமா?

வீடு போய்ச் சேர விடலாம். நிரந்தரமாக வேண்டாம். மோட்டாரின் கார்பன் பிரஷ் வேகமாகத் தேயும், என்ஜின் சூடேற நேரம் பிடிக்கும். ரிலே இல்லாமல் சாவி ஒயரிலேயே கொடுத்திருந்தால் இக்னிஷன் சுவிட்சும் கருகும். டிரைவர் போடும் தனி சுவிட்ச் வைப்பதும் எனக்குப் பிடிக்காது, ஆனித் தேரோட்டத்தன்று டவுன் நெரிசலில் போட மறந்தால் ஹெட் கேஸ்கெட் போகும். தெர்மோ சுவிட்சோடு கூடுதலாக ஒரு சுவிட்ச் வேண்டுமென்றால் 85-க்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த டிகிரி தெர்மோ சுவிட்ச் வாங்குவது?

பரவலாகக் கிடைப்பது 92-இல் சேர்ந்து 87-இல் விடுவது. உங்கள் தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) எத்தனை டிகிரியில் திறக்கிறதோ அதைவிட சுவிட்ச் விடும் டிகிரி மேலே இருக்க வேண்டும். 88-இல் திறக்கும் தெர்மோஸ்டாட் போட்ட வண்டியில் 82-இல் விடும் சுவிட்சை என்ஜின் பக்கம் வைத்தால் விசிறி நிற்கவே நிற்காது. ஒற்றை ஒயர் சுவிட்ச் என்றால் அதன் எர்த் மரையின் வழியாகத்தான் போகிறது, கசிவுக்குப் பயந்து டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றிப் போட்டால் எர்த் கிடைக்காமல் போகலாம். கொதிக்கும் தண்ணீரில் சுவிட்சின் நுனியை மட்டும் நனைத்து மீட்டர் வைத்தால் சேருகிறதா என்று அடுப்படியிலேயே பார்த்துவிடலாம்.

ஏசி போட்டால் விசிறி சுற்றுகிறது, இல்லாவிட்டால் சுற்றுவதில்லை.

நல்ல செய்தி. ஒரே விசிறி உள்ள வண்டியென்றால் மோட்டார், ரிலே, பியூஸ், எர்த் எல்லாம் அனேகமாகச் சரி. தெர்மோ சுவிட்சையோ டெம்பரேச்சர் சென்சாரையோ பாருங்கள். அதற்கும் முன்னால் கூலண்ட் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள், சென்சார் தண்ணீரில் இல்லாமல் காற்றில் நின்றால் என்ஜின் கொதித்தாலும் அதற்குத் தெரியாது.

இசியூ உள்ள புது கார்களில் இதெல்லாம் பொருந்துமா?

பெரிய வாய்க்கால் அப்படியே பொருந்தும். சின்ன வாய்க்காலில் மட்டும் கவனம். அங்கே காயிலை எர்த் செய்வது இசியூ. பல்பு வைத்த டெஸ்ட் லேம்பை அந்த ஒயரில் வைக்காதீர்கள், 21 வாட் பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும், 0.15 ஆம்பியருக்கு வைத்த இசியூவின் உள்பாகம் போனால் ரிலே விலையில் முடியாது. எல்இடி டெஸ்ட் லேம்ப் அல்லது மீட்டர் போதும். பல கார்களில் டெம்பரேச்சர் சென்சாரின் பிளக்கைக் கழற்றினாலே பாதுகாப்புக்காக இசியூ விசிறியை ஓடவிடும். அப்படி ஓடினால் இசியூ, ரிலே, மோட்டார் மூன்றும் சரி, சென்சார் மேல்தான் சந்தேகம். ஓடவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

மெதுவான வேகம் போய்விட்டது, வேகமாக மட்டும்தான் சுற்றுகிறது.

மெதுவான வேகத்துக்கு வழியில் ஒரு ரெசிஸ்டர் (கரண்டைக் குறைக்கும் பாகம்) இருக்கும், அது அறுந்திருக்கும். இரண்டு விசிறி உள்ள சில கார்களில் ரெசிஸ்டருக்குப் பதில் மூன்று ரிலே வைத்து, மெதுவான வேகத்துக்கு இரண்டு மோட்டாரையும் வரிசையாகவும், வேகத்துக்குத் தனித்தனியாகவும் இணைப்பார்கள். அந்த வண்டிகளில் ஒரு மோட்டார் போனாலும் மெதுவான வேகத்தில் இரண்டுமே நிற்கும்.

ஒயர் மாற்றிய பிறகு விசிறி நன்றாகச் சுற்றுகிறது, ஆனாலும் சூடாகிறது.

முதலில் சுற்றும் திசை. பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும், பார்வைக்குத் தெரியாது. ரேடியேட்டருக்கு முன்பக்கம், கிரில்லில் ஒரு தாளைக் காட்டுங்கள், ஒட்டிக்கொள்ள வேண்டும், பறந்தால் திசை தப்பு.

திசை சரியென்றால் விசிறியை விட்டுவிட்டு ரேடியேட்டரைப் பாருங்கள். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து உப்பு போர்வெல் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றிய ரேடியேட்டரில் சுண்ணாம்பு படிந்து பாதிக் குழாய் அடைத்திருக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும்தான் ஊற்ற வேண்டும். ஒரு அடையாளம் சொல்கிறேன்: நான்குவழிச் சாலையில் 80-இல் போகும்போது சூடாகாமல் சிக்னலில் நின்றால் மட்டும் சூடானால் விசிறி. ஓடும்போதே சூடானால் அடைப்பு, தண்ணீர் பம்ப், தெர்மோஸ்டாட், மூடி. ஓடுகிற வண்டிக்கு எதிர்க்காற்றே போதும், விசிறி அங்கே காரணமாக இருக்க முடியாது.

மாஞ்சோலை ஏற்றம் மாதிரி இடத்தில் விசிறி நின்றுவிட்டால் என்ன செய்வது?

ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திருப்புங்கள், கண்ணாடியை இறக்கிக்கொள்ளுங்கள். உள்ளே வெந்தாலும் அந்த ஹீட்டரும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான், என்ஜின் சூட்டைக் கொஞ்சம் வாங்கும். முள் சிவப்பைத் தொடும் முன் ஓரம்கட்டி அணையுங்கள். மூடியைத் திறக்காதீர்கள், பிரஷரில் இருக்கும்வரை உள்ளே 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும், திறந்த நொடியில் முகத்தில் பீறிடும். அரை மணி ஆறட்டும்.

ஆறியதும் பியூஸ் பாருங்கள். அது சரியென்றால் ஹாரன் ரிலேயின் எண்களும் கால்களும் விசிறி ரிலேயோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்து, ஒத்திருந்தால் அதைப் பிடுங்கி இங்கே மாட்டுங்கள். ஹாரன் இல்லாத வண்டியாகிவிடும், வளைவுகளில் மெதுவாக இறங்குங்கள். மோட்டாரையும் கட்டைக் கைப்பிடியால் லேசாக ஒரு தட்டு தட்டிப் பாருங்கள், பிரஷ் தேய்ந்திருந்தால் அந்தத் தட்டில் கிளம்பும், கிளம்பினால் ஊர் வந்ததும் பிரஷ் மாற்ற வேண்டும். எதற்கும் அசையவில்லையென்றால் கைகொடுக்க, டேஷ்போர்டில் ஒரு ஒயர்த் துண்டு, அதன் நடுவில் பியூஸ் ஹோல்டர், இரு முனையிலும் ரிலே சாக்கெட்டுக்குள் போகும் ஆண் டெர்மினல், இப்படி ஒன்று முன்கூட்டியே செய்து வைத்திருங்கள். மோட்டார் பக்கம் சரியாக இருந்தால், அதை 30-லிருந்து 87-க்குப் போட்டதும் விசிறி ஓடும், மணிமுத்தாறு வரை இறங்கிவிடலாம். வண்டியை நிறுத்தியதும் அதைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லையென்றால் காலையில் பேட்டரி இருக்காது.